பத்மநாபபுரத்துக் கொட்டாரம்

அரண்மனை பார்க்கப் புறப்படுகிற எவரும் மனத்துக்குள் ஓர் அரண்மனையை முன்கூட்டியே கட்டி வைத்துக்கொண்டுதான் புறப்படுகிறார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் தூண்கள், பொன் பூசிய விதானம், படியேறி அடைய வேண்டிய சிம்மாசனம், குரல் கொடுத்தால் எதிரொலிக்கும் சபா மண்டபம் ஆகிய இவையெல்லாம் அந்த மானசீக அரண்மனையின் அங்கங்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலின் முற்றத்தில் நின்றவருக்கும், மைசூர் அரண்மனையின் தசரா தீபாலங்காரத்தைக் கண்டவருக்கும் அந்த எதிர்பார்ப்பு வீண்போவதில்லை. ஆனால், தக்கலையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வேளிமலையின் அடிவாரத்தில், கருங்கல் கோட்டைச் சுவருக்குள் அமைந்திருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் வாசலில் வந்து நிற்கிறவர், ஓடு வேய்ந்த ஒரு பெரிய வீட்டின் முகப்பையே எதிரில் கண்டு சற்றுத் திகைத்துப் போகிறார். "இதுதான் அரண்மனையா?" என்று பிள்ளைகள் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள், பெரியவர்கள் கேட்பதில்லை, ஆனால் அவர்கள் முகத்திலும் அந்தக் கேள்வி இருக்கும்.

கேள்வி நியாயமானதே. குமரி மாவட்டத்து ஜனங்கள் கொட்டாரம் என்று வழங்குகிற இந்த அரண்மனை, தூரத்திலிருந்து பார்ப்பவரைப் பிரமிக்க வைக்க வேண்டும் என்னும் சங்கற்பத்தோடு எழுந்ததன்று. வெறுங்காலோடு நடமாடி, தரையில் உட்கார்ந்து உண்டு, வருஷத்தில் இரண்டு பருவமழைகளையும் நனையாமல் கழிக்க வேண்டியிருந்த மனிதர்களுக்காக, அந்த மழையையும் வெயிலையும் காற்றின் திசையையும் நன்கு அறிந்த தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போன வாசஸ்தலம் இது. ஆகையால் இதன் மகிமை முழுவதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கிட்டப் போய், நின்று, அண்ணாந்தும் குனிந்தும் பார்க்கிறவருக்கு அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். சங்கிலி கோத்தாற்போல் ஒருவர் பின் ஒருவராக நடந்து முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறவருக்குப் பல அறைகளும் சில படிக்கட்டுகளும் மாத்திரமே நினைவில் தங்கும். இங்கே வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த இரண்டாவது விதமாகவே பார்த்துத் திரும்புகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

கதையைச் சிறிது சொல்லிவிட்டு உள்ளே போவது நல்லது. திருவிதாங்கூர் என்று பிற்காலத்தில் விரிந்த ராஜ்யம், வேணாடு என்ற சிறு நாடாக இருந்த காலத்தில் இந்த ஊருக்குக் கல்குளம் என்று பெயர். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் என்னும் அரசர் 1601-ஆம் ஆண்டை ஒட்டி இங்கே அரண்மனையை நிர்மாணித்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. தாய்க் கொட்டாரம் என்ற பகுதி அதற்கும் அரை நூற்றாண்டு முந்தியது என்பார்கள். 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மர், எட்டு வீட்டுப் பிள்ளைமார் முதலிய பிரபுக்களின் எதிர்ப்பை அடக்கி, அண்டை நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 1741-இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரரின் படையையும் முறியடித்தபின், மண்கோட்டையாக இருந்ததைக் கருங்கல் கோட்டையாக மாற்றி, அரண்மனையை விஸ்தரித்து, 1744-இல் ஊருக்குப் பத்மநாபபுரம் என்று தம் குலதெய்வத்தின் பெயரையே சூட்டினார். அவருக்குப்பின் வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மரின் காலத்தில், 1795-ஆம் ஆண்டு, தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசு வெளியேறிவிட்டதனால் ஊர் தன் பிரதானத்தை இழந்தது உண்மை. ஆயினும், புதிய மோஸ்தரில் இடித்துக் கட்டவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமற்போனதனால்தான் கட்டடம் பழைய உருவத்திலேயே நமக்குக் கிடைத்தது என்றும் நான் நினைக்கிறேன்.

செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே பிரவேசிக்க வேண்டும். இந்த விதி தரையைக் காப்பதற்காக ஏற்பட்டதென்றாலும், பார்ப்பவருக்கும் அதனால் பெரிய லாபம் உண்டு. ஏனெனில் இந்த அரண்மனையின் பாதி அழகைக் கால்தான் அறியும். முதலில் வருவது பூமுகம். விருந்தினரை வரவேற்கும் முன்கூடமாகிய இதன் மரவிதானத்தில் தொண்ணூறு மலர் வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தொண்ணூறும் வெவ்வேறு என்று வழிகாட்டி சொல்வதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போகாமல், அடுத்தடுத்துள்ள இரண்டு மலர்களை மட்டுமாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் இதழ்கள் நேராக விரிந்திருந்தால் மற்றொன்றில் ஒருபக்கமாகச் சுழன்றிருக்கும். ஒன்றின் நடுவே மொட்டு, மற்றொன்றின் நடுவே முற்றிய காய். ஒரே அச்சில் தொண்ணூறையும் கடைந்து முடித்திருந்தால் வேலை எத்தனையோ சுலபமாக முடிந்திருக்கும். பார்க்கிறவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட அந்த வித்தியாசம் தென்பட்டிராது. அப்படியிருந்தும் ஒவ்வொரு மலருக்கும் புதிதாகச் சிந்தித்த அந்தத் தச்சனின் சிரத்தையை என்னவென்று புகழ்வது!

அந்த விதானத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் சாயாமல் நிற்கும்படி அமைந்த பித்தளை வேலை. குதிரையின் மேல் ஒரு வீரன்; சங்கிலியின் கண்ணிகளிலும் சிற்பம். கீழே சீன வியாபாரிகள் அரசருக்குக் காணிக்கையாகத் தந்த நாற்காலி ஒன்றும், வழவழப்பாக இழைத்த கருங்கல் கட்டில் ஒன்றும், ஓணப் பண்டிகையின்போது சமர்ப்பிக்கப்பட்ட ஓணவில்களும் இருக்கின்றன. ஒரே கூடத்தில் சீனத்து மரவேலையும் நாட்டுக் கல்வேலையும் குடிமக்களின் காணிக்கையும் கூடியிருப்பதைக் காணும்போது, கடல் வாணிபத்தால், அதிலும் மிளகால், செழித்த ஒரு சிறு தேசத்தின் ஐசுவரியம் எவ்வழியே வந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

பூமுகத்தின் மாடியில் இருக்கிறது மந்திரசாலை. குறுகிய மரப்படிகளில் சற்றுக் குனிந்தே ஏற வேண்டும். ஒரு ராஜ்யத்தின் முக்கியமான தீர்மானங்கள் எடுக்கப்பட்ட சபை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறவர், அதன் சிறிய அளவைக் கண்டு மறுபடியும் வியப்படைவார். அரசரும் ஒரு சில அமைச்சர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ளப் போதுமான இடம், அவ்வளவே. ஜன்னல்களில் வண்ண அப்பிரகத் தகடுகள். அவற்றின் வழியே வரும் வெயில் உஷ்ணத்தை வெளியிலேயே விட்டுவிட்டு நிறத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. சரிவான மரச்சட்டங்கள் அடுக்கிய சுற்றுச்சுவர் காற்றை உள்ளே விடுகிறது, தூசியையும் சாரலையும் தடுக்கிறது. உள்ளிருப்பவர் வெளியே நடப்பதைப் பார்க்கலாம், வெளியிலிருப்பவர் உள்ளே யாரையும் பார்க்க இயலாது. சித்திரை மாத நடுப்பகலில், கோட்டைக்கு வெளியே தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த அறையில் பத்து நிமிஷம் உட்கார முடிந்தால் போதும், அந்தச் சட்டங்களின் பயனை உடம்பே ஒப்புக்கொள்ளும்.

தரையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கறுப்புத் தரையை முதலில் காண்கிறவர் உயர்ந்த ரகக் கல் என்றே எண்ணிவிடுவார். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, மணல், முட்டையின் வெண்கரு, சில தாவரச் சாறுகள் ஆகியவற்றைக் குழைத்துப் பூசி, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் கிடக்கும் சிரட்டையையும் சுண்ணாம்பையும் கொண்டு அரசன் நடக்கும் தரையைச் செய்தார்கள் என்றால், அங்கே விலையேறியது எது? பொருளின் விலை சொற்பம். அதன்மேல் செலவான மனித உழைப்புக்கும் பொறுமைக்கும் கணக்கில்லை. குளிர்ந்த அந்தத் தரையில் பாதத்தைப் பதித்து நின்றால், சிறு மேடுபள்ளம்கூடத் தட்டுப்படுவதில்லை. ஜன்னலில் நின்று பார்த்தால் எதிர்ச்சுவரின் சட்டங்கள் தரையில் தலைகீழாகப் பிரதிபலிக்கின்றன. அந்தக் கலவையின் விகிதத்தையும் தேய்க்கும் பக்குவத்தையும் அறிந்த கைகள் இப்போது இல்லை. பிற்காலத்தில் செய்த தரை எதிலும் அந்த மெருகு கூடவில்லை என்று சொல்கிறார்கள்.

இந்த நாட்டுத் தச்சர்களின் கலை வெறும் கைப்பழக்கமாக வளர்ந்ததன்று. அதற்கு நூல்களும் உண்டு. திருமங்கலத்து நீலகண்டன் என்பவர் இயற்றிய மனுஷ்யாலய சந்திரிகை, மனிதர் வசிக்கும் கிருகங்களை எங்கே, எந்த முகமாக, எந்த அளவில் அமைக்க வேண்டும் என்பதைப் பற்றிய சமஸ்கிருத நூல். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடம் எழுப்பும் நாலுகெட்டு முறையும், மழைநீர் சுவரைத் தொடாதபடி வெகுவாகத் தாழ்ந்து நீண்டிருக்கும் கூரையும், மரத்தை மரத்தோடு பொருத்தி இணைக்கும் வித்தையும் அந்தப் பரம்பரையின் லட்சணங்கள். தேக்கும் பலாவும் அயனியும் ஈட்டியும் பக்கத்து மலைகளிலும் தோட்டங்களிலும் விளைந்தன. கல்லைத் தேடி ஓடவேண்டிய தேவை இவர்களுக்கு இல்லை. கல்லைக் கோட்டைக்கும் கோயிலுக்கும் என ஒதுக்கிவிட்டு, தாம் உறங்கி விழிக்கும் இடத்துக்கு மரத்தை வைத்துக்கொண்டார்கள்.

அந்த மரவேலையின் உச்சத்தைக் காண விரும்புகிறவர் தாய்க் கொட்டாரத்துக்கு வர வேண்டும். இதுவே அரண்மனையின் மிகப் பழைய பகுதி. நடுவே வானம் பார்த்த சிறு முற்றம். நான்கு மூலையிலும் தூண்கள். நான்கு புறத்திலிருந்தும் கூரை இறங்கி வந்து அந்த முற்றத்தில் மழையைக் கொட்டும். தென்மேற்கு மூலையில் ஏகாந்த மண்டபம் என்ற ஒரு சிறிய அறை இருக்கிறது. அங்குள்ள ஒற்றைப் பலாமரத் தூணைத்தான் நான் இந்த அரண்மனை முழுவதிலும் தலைசிறந்த பொருளாகக் கருதுகிறேன். அடியிலிருந்து நுனிவரை ஒரே மரம். ஆனால் பார்க்கும்போது பல வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் தோன்றும். கொடிகள் பின்னிக்கொண்டு மேலே செல்கின்றன. அவற்றின் இடைவெளிகளில் மலர்கள் ஆழமாகக் குடையப்பட்டிருப்பதால் ஒவ்வோர் இதழின் பின்னும் நிழல் விழுகிறது. முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் பக்கவாட்டில் படுவதால் காலையில் ஒரு பக்கம் எடுப்பாகவும், மாலையில் மறுபக்கம் எடுப்பாகவும் தெரியும். வைரம் பாய்ந்த பலாமரத்தின் பொன்மஞ்சள் நிறம் நூற்றாண்டுகளின் எண்ணெயாலும் புகையாலும் பழுத்துச் செம்பழுப்பாகியிருக்கிறது. உளி ஒருமுறை வழுக்கியிருந்தால் மொத்தத் தூணும் வீணாகியிருக்கும். ஒட்டுப்போட்டு மறைக்க இதில் இடமே இல்லை. இதைச் செய்தவனுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஊட்டுப்புரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட இரண்டு தளங்களிலும் சேர்த்து ஒரே வேளையில் ஏறத்தாழ 2000 பேருக்கு அன்னதானம் நடந்த சாலை அது, அதன் நீளமே அதன் விசேஷம். ஊறுகாய் போட்ட பெரிய சாடிகளை இப்போதும் அங்கே பார்க்கலாம். வேறு எவ்வித அலங்காரமும் இல்லாத அந்த வெறுமை எனக்குப் பிடித்தமானது. மணிமாளிகையின் கடிகாரமும் அவ்வாறே ஒரு நிமிஷம் நின்று பார்க்கத்தக்கது. எடைக் கற்களின் இழுப்பால் இயங்கும் அதன் மணியோசை மூன்று கிலோமீட்டர் வரை கேட்கும் என்பார்கள்.

அரண்மனையின் மத்தியில் நான்கு தளங்களோடு உயர்ந்து நிற்பது மார்த்தாண்டவர்மர் கட்டுவித்த உப்பரிகை மாளிகை. இதன் அமைப்பை வரிசைப்படி கவனித்தால் அந்த அரசருடைய வாழ்க்கையும் மனமும் ஒருங்கே புலப்படும். கீழ்த்தளம் கருவூலம். அதற்கு மேல் அரசரின் சயன அறை. அங்கே டச்சுக்காரர்கள் வெகுமதியாகக் கொடுத்த கட்டில் கிடக்கிறது. 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்லப்படும் இந்தக் கட்டிலின் தலைமாட்டில் ஐரோப்பியச் செதுக்கு வேலை. அதே தளத்தின் சுவர்களிலோ, வாளும் கட்டாரியும் வைப்பதற்கென்று மாடங்கள் குடையப்பட்டிருக்கின்றன. எதிரிகளுக்கு அஞ்சி மறைந்து திரிந்த இளமையை உடைய ஓர் அரசர், ராஜ்யம் முழுவதும் கைக்கு வந்தபின்னும் ஆயுதம் எட்டும் தூரத்திலேயே உறங்கினார் என்பதை அந்த மாடங்கள் சொல்கின்றன. அதற்கும் மேலே விரத நாட்களில் அரசர் தனித்திருக்கும் அறை. எல்லாவற்றுக்கும் மேலே, பத்மநாப சுவாமிக்கென்று ஒதுக்கிய அறை.

1750-ஆம் ஆண்டு மார்த்தாண்டவர்மர் தம் ராஜ்யம் முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்குச் சமர்ப்பணம் செய்தார். திருப்படித்தானம் என்று சரித்திரம் கூறும் நிகழ்ச்சி இதுவே. அன்றுமுதல் அவரும் அவர் வழிவந்தோரும் பத்மநாபதாசர் என்ற பட்டத்தோடு, சுவாமியின் சேவகராக நின்றே ஆட்சி புரிந்தார்கள். இது பக்தியா, அல்லது அரசனை எதிர்ப்பது தெய்வத்தை எதிர்ப்பதாகும் என்று ஆக்கிவிட்ட ராஜதந்திரமா என்று சரித்திர ஆசிரியர்கள் வாதிப்பார்கள். இரண்டும் ஒரு மனிதனுக்குள் சேர்ந்தே இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். எப்படியாயினும், தம் மாளிகையின் உயர்ந்த தளத்தை, காற்றும் வெளிச்சமும் மிகுந்த அந்த அறையை, அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அதன் சுவர்கள் முழுதும் தாவரச் சாறுகளாலும் தாதுப்பொடிகளாலும் தீட்டிய சித்திரங்கள். அனந்தசயனமும் புராணக் காட்சிகளும் காவி, மஞ்சள், பச்சை நிறங்களில் இடைவெளியின்றி நிறைந்திருக்கின்றன. கேரள பாணிச் சுவரோவியத்தின் தலையாய மாதிரிகளில் இவை சேர்ந்தவை. மூச்சுக்காற்றின் ஈரத்தாலும் கூட்டத்தின் நெருக்கத்தாலும் கெட்டுவிடக் கூடியவை ஆதலால் இந்த அறை எல்லாருக்கும் எப்போதும் திறந்திருப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். பார்ப்பதற்கு நமக்குள்ள உரிமையைக் காட்டிலும் நிலைத்திருப்பதற்கு அந்தச் சித்திரங்களுக்குள்ள உரிமை பெரிது.

கருங்கல்லுக்கு இந்த வளாகத்தில் இடமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நவராத்திரி மண்டபம் முழுக்கக் கல்லால் ஆனது. செதுக்கிய தூண்களும் பளபளக்கும் தரையும் கொண்ட இந்த மண்டபத்தில்தான் ஒருகாலத்தில் ஒன்பது இரவும் பாட்டும் நாட்டியமும் நடந்தன. ராஜகுடும்பத்துப் பெண்கள் பக்கத்து அறையிலிருந்து சிறு துளைகளின் வழியே அவற்றைக் கண்டு களித்தார்கள். அருகிலேயே சரஸ்வதி சந்நிதி. அங்கே எழுந்தருளியுள்ள தேவி கம்பரால் பூஜிக்கப்பட்டுச் சேர அரசரிடம் ஒப்புவிக்கப்பட்டவள் என்பது இப்பகுதியில் வழிவழியாக வரும் ஐதிகம். தலைநகர் மாறியபின் நவராத்திரி விழாவும் திருவனந்தபுரத்துக்குச் சென்றுவிட்டது. ஆனால் தேவி அங்கே குடியேறவில்லை. ஆண்டுதோறும் விழாவுக்கு முன்னால் சரஸ்வதி யானையின் மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்து, விழா முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். அரசரின் உடைவாள் உப்பரிகை மாளிகையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டு முன்னே செல்லும். இரு மாநிலத்துக் காவலர்களும் மரியாதை செலுத்த, இரு மாநிலத்து ஜனங்களும் வழிநெடுக விளக்கேற்றி வைத்து வரவேற்க நடக்கும் இந்த யாத்திரையைக் கண்டவர்களுக்கு, அரண்மனையை ஏதோ முடிந்துபோன காலத்தின் சின்னமாக நினைக்கத் தோன்றாது.

முடிந்துபோனதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டியவையும் அங்கே இருக்கின்றன. பொருட்காட்சிப் பகுதியில் கல்வெட்டுகளுக்கும் சிலைகளுக்கும் இடையே, மனித உருவத்தில் இரும்புப் பட்டைகளால் செய்த ஒரு கூடு வைக்கப்பட்டிருக்கிறது. மரண தண்டனை விதிக்கப்பட்டவரை அதில் பூட்டி, மரத்தில் தொங்கவிட்டுக் கழுகுக்கு இரையாக்குவார்களாம். வருகிறவர்கள் அதன் அருகே நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்வதைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது. இதே கோட்டைக்குள் உள்ள நீலகண்டசுவாமி கோயிலில் அதிகாரியாகப் பணியாற்றிய நட்டாலம் நீலகண்டபிள்ளை, 1745-இல் கிறிஸ்தவ மதத்தைத் தழுவித் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றபின், சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். மலர் விதானத்தைச் செதுக்குவித்த அதே அரச குலத்தின் ஆட்சியில்தான் இதுவும் நடந்தது. அழகைச் சொல்லி இதை மறைப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்.

அந்தத் தேவசகாயத்துக்குப் புதிய சமயத்தை எடுத்துச் சொன்னவர் டி லனோய். குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவரான அவர், வென்ற அரசரிடமே சேவகம் ஏற்று, படைக்கு ஐரோப்பிய முறைப் பயிற்சி அளித்து, வலிய கப்பித்தான் என்ற பதவிக்கு உயர்ந்தார். மார்த்தாண்டவர்மரின் முன் அவர் சரணடைகிற காட்சியைத் தீட்டிய ஓவியம் அரண்மனையில் இருக்கிறது. அரசரின் வரலாற்றைச் சொல்லும் மற்ற ஓவியங்களோடு அதைப் பார்க்கும் கூட்டம் எப்போதும் அதிகம். கலையழகில் அவை அந்தப் பலாத்தூணுக்கு ஈடாகா என்றாலும், சரித்திரம் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும். ஐரோப்பிய விருந்தினருக்காகக் கட்டிய இந்திர விலாசத்தில் விதானம் உயர்ந்தும் ஜன்னல்கள் அகன்றும் இருக்கின்றன. மற்ற அறைகளிலிருந்து அங்கே நுழைந்த மாத்திரத்தில் வெக்கை தெரியும்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கல்குளம் தாலுகா தமிழர்களின் நீண்ட போராட்டத்தின் பலனாகச் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. கொட்டாரத்தின் பராமரிப்பு மட்டும் கேரள அரசிடமே தங்கிற்று. ஆகவே தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறையின் நிர்வாகத்தில் இந்த அரண்மனை இருந்து வருகிறது. அறைகளில் நிற்கும் ஊழியர்கள் வருகிறவரின் முகத்தைப் பார்த்தே தமிழிலோ மலையாளத்திலோ பேச்சைத் தொடங்குகிறார்கள், இடையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியும் விடுகிறார்கள். மரக் கட்டடத்தைப் பேணுவது கல் கட்டடத்தைப் பேணுவது போல் எளிதன்று. ஓடு ஒன்று நகர்ந்தால் போதும், ஒரு மழைக்காலத்துக்குள் உத்திரம் ஊறிவிடும், கரையான் வரும், மனிதர் தொட்டுத் தொட்டுச் செதுக்கு வேலை மழுங்கும். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த அரண்மனை இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், பட்டியலைவிட அவசரமானது, பழைய முறையில் மரம் தேர்ந்து, பதப்படுத்தி, பொருத்தத் தெரிந்த தச்சர்களுக்குத் தொடர்ந்து வேலையும் சீடர்களும் கிடைக்கச் செய்வது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் எந்தப் பேருந்தும் தக்கலையில் நிற்கும். அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம். திங்கட்கிழமை விடுமுறை, மத்தியானம் ஒரு மணி நேரம் அடைத்துவிடுவார்கள். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே சென்றுவிடுவது உத்தமம். சபரிமலைப் பருவத்திலும் பள்ளி விடுமுறைகளிலும் கூட்டம் நெருக்கித் தள்ளும். ஒருமுறை முழுவதும் பார்த்தபின் வெளியே வந்துவிடாமல், ஊழியர்களிடம் பக்குவமாகக் கேட்டுக்கொண்டு தாய்க் கொட்டாரத்துக்கு இன்னொரு முறை போய் வாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். சிவராத்திரியை ஒட்டிப் போகிறவர்கள், சிவாலய ஓட்டத்தில் பன்னிரண்டு கோயில்களையும் ஓடியே தரிசிக்கும் பக்தர்கள் "கோவிந்தா, கோபாலா" என்ற கோஷத்தோடு கோட்டைக்குள் நீலகண்டசுவாமி கோயிலுக்கு வருவதையும் காணலாம். மாலையில் பொழுது மீந்தால், பக்கத்திலேயே உள்ள உதயகிரிக் கோட்டைக்குச் செல்லுங்கள். 1777-இல் காலமான டி லனோயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் பொறித்த வாசகங்களில் லத்தீனோடு தமிழையும் படிக்கலாம்.